நான்கு ஆண்டுகளாக ‘ஸ்டீம்வோர்ல்ட் டிக் 2’

கோலாலம்பூரின் செந்தூல் தீமோர் நிலையத்தில் எல்ஆர்டி இரயில் ஏறினால் அலுவலகம் போய்ச் சேர எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். உட்கார இடம் கிடைக்கும் நாள்களில் அந்த நேரம், நான்கு ஆண்டுகளாக, ஸ்விட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் நான் விளையாடும் ‘ஸ்டீம்வோர்ல்ட் டிக் 2’ என்ற காணொளி விளையாட்டுக்கு உரியது. மூன்று முறை முடித்துவிட்டு இப்போது நான்காவது முறையாக நிலத்துக்கடியில் இறங்கியிருக்கிறேன்.

2013இல் வெளிவந்த முதல் விளையாட்டின் நாயகன் ரஸ்டி காணாமல் போகிறான். 2017இல் வந்த இந்த இரண்டாம் பாகத்தில், நீராவியால் இயங்கும் இயந்திரப் பெண்ணான டோரத்தி அவனைத் தேடி எல் மக்கீனோ என்ற வணிக ஊருக்கு வருகிறாள். முதல் பாகத்தின் சுரங்கத்தைக் கணினியே ஒவ்வொரு முறையும் புதிதாக அமைத்தது. இதிலோ ஒவ்வொரு குகையும் மனிதர் கையால் வரையப்பட்டது. எந்தச் சுவருக்குப் பின்னால் இரகசிய அறை இருக்கிறது என்பது மூன்றாவது ஆட்டத்தில் என் கைக்கே தெரிந்திருந்தது. அந்தப் பழக்கம், அடிக்கடி போய்வரும் ஊரின் சந்துகளை அறிந்திருப்பது போன்ற நிறைவைத் தருகிறது.

குந்தாலியால் மண்ணை வெட்டிக்கொண்டே கீழே இறங்குகிறோம், கனிமங்களையும் மணிக்கற்களையும் பையில் சேர்க்கிறோம், பை நிறைந்ததும் மேலே வந்து விற்றுக் கருவிகளை மேம்படுத்துகிறோம். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்தச் சுற்றுக்கு உயிர் கொடுப்பது விளக்கு. கீழே இருக்க இருக்க வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். பையில் இன்னும் இரண்டு கல்லுக்கு இடமிருக்கும். சற்றுத் தள்ளி ஏதோ மின்னும். அங்கே போவதா, திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். வழியில் உயிர் போனால் சுமந்து வந்ததில் ஒரு பகுதியை இழப்போம் என்பதால் அந்த முடிவுக்கு உண்மையான எடை இருக்கிறது. ஒருமுறை பாறைக்கு அடியில் இருந்த மண்ணை யோசிக்காமல் வெட்டி, அது தலையில் விழுந்து, நிறைந்த பையோடு மடிந்தேன். அன்றிலிருந்து பாறையைக் கண்டால் முதலில் அதன் கீழே எது தாங்குகிறது என்றுதான் பார்க்கிறேன்.

பற்சக்கரங்களைப் பொருத்தும் முறையை நான் மிகவும் மதிக்கிறேன். குகைகளில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் அவற்றைக் கருவிகளில் பொருத்திக் கூடுதல் ஆற்றல் பெறலாம். பிடிக்கவில்லையென்றால் இழப்பில்லாமல் கழற்றி வேறு கருவிக்கு மாற்றலாம். பரிசோதித்துப் பார்க்கும் துணிவை ஒரு விளையாட்டு இவ்வளவு தாராளமாகத் தருவது அரிது.

ஒரு குறையும் உண்டு. கொக்கிக் கயிறு கிடைக்கும்போது நகர்வு இனிமையாகிறது; பின்னர் பறக்கும் இயந்திரமும் கைக்கு வந்து, விளக்கும் பையும் பெரிதாகிவிட்டால், தொடக்கத்தில் இருந்த இருட்டின் அச்சம் மறைந்துவிடுகிறது. ஆகவே நான்காவது ஆட்டத்தில் விளக்கை மேம்படுத்தாமலேயே போய்க்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் கடந்துவிட்டேன். முதல் மணி நேரத்தின் படபடப்பு இன்னும் என்னோடு இருக்கிறது.

கோலாலம்பூரில் வளர்ந்தவனுக்கு இந்த விளையாட்டு நெருக்கமாவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். இந்த நகரமே 1857இல் ஈயம் (வெள்ளீயம்) தேடி வந்தவர்களால் உருவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடக்கப் போகும் தித்திவங்சா ஏரி ஒரு காலத்தில் ஈயச் சுரங்கக் குட்டையாக இருந்தது. என் தாத்தா செந்தூல் இரயில்வே பட்டறையில் நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்தவர். டோரத்தி நீர்த்தேக்கத்தில் இறங்கித் தன் தொட்டியை நிரப்பிக்கொள்ளும்போதெல்லாம், எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பதைப் பற்றி அவர் சொன்னவை நினைவுக்கு வருகின்றன.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் பாகத்தை விளையாடாமலேயே இதற்கு வரலாம், கதை விளங்கும். எனக்கு முதல் ஆட்டம் பத்து மணி நேரத்துக்குள் முடிந்தது. வரைபடத்தில் விடுபட்ட குகைகளைத் தேடித் திரும்பிப் போன பிறகுதான் இந்தச் சுரங்கம் எவ்வளவு அகலமானது என்பதை உணர்ந்தேன்.