கம்பைல் நேரத்தில் அடையாள எண்: எந்த வழியை எங்கே நம்பலாம்?

போன மாதம் சேமித்த கோப்பை இன்றைய பில்ட் திறக்கிறது. உள்ளே வகை எண் 7. அன்று 7 என்றால் கேமரா, இன்று விளக்கு. கம்பைலர் எச்சரிக்கவில்லை, நிரலும் நிற்கவில்லை. தரவு மட்டும் தப்பாகிவிட்டது.

நிரலில் உள்ள ஒவ்வொரு தரவு வகைக்கும், கம்பைல் நேரத்திலேயே (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும்போதே) ஓர் அடையாள எண் தருவதுதான் இங்கே பேச்சு. அந்த எண் தனித்து இருப்பது வேறு, நாளைக்கும் அதே எண்ணாக இருப்பது வேறு. சி++ உலகில் புழங்கும் வழிகளில் பல முதலாவதைத் தந்துவிட்டு இரண்டாவதில் கைவிடுகின்றன.

கம்பைலரே எண்ணிக்கொண்டு போகும் கவுன்ட்டர் மேக்ரோ இரண்டிலுமே தேறாது. பயன்படுத்தும்போதெல்லாம் 0, 1, 2 என்று ஏறும். ஆனால் ஒவ்வொரு மூலக் கோப்பிலும் மறுபடி 0-விலிருந்துதான் தொடங்கும். இரண்டு ஹெடர்களின் வரிசையை மாற்றினாலே எண்கள் நகர்ந்துவிடும். மேக்ரோவுக்குள் தற்காலிக மாறிக்குப் பெயர் வைக்க நல்லது, அவ்வளவுதான். மூலக் கோப்பின் வரி எண்ணை அடையாளமாக எடுத்தாலும் அப்படியே: மேலே ஒரு வெற்று வரி சேர்ந்தால் போயிற்று.

டெம்ப்ளேட்டுக்குள் (வகைதோறும் தனிப் பிரதியாகும் அச்சு) ஒரு ஸ்டாட்டிக் மாறி வைத்து, நினைவகத்தில் அதன் முகவரியையே அடையாளமாகக் கொள்வது அழகான உத்தி. பதிவு செய்யும் வேலையே இல்லை. ஆனால் நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் முகவரி மாறலாம். ஷேர்டு லைப்ரரி (ஓடும்போது இணையும் தனி நிரல்கோப்பு) எல்லையைத் தாண்டினால் ஒரே வகைக்கு இரண்டு முகவரிகள்கூட வரலாம். ஒரே ப்ராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள்) தேடல் அட்டவணைக்கு மட்டும் இதைத் தயங்காமல் எடுப்பேன்.

உண்மையான போட்டி பெயரின் ஹேஷுக்கும் (எழுத்துகளிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண்) கையால் எழுதிய எண்ணுக்கும்தான்.

64 பிட் எஃப்என்வி-1ஏ என்ற ஹேஷ் முறை எளிமையானது: 14695981039346656037-இல் தொடங்கி, ஒவ்வொரு பைட்டையும் எக்ஸ்ஆர் (பிட்டுக்குப் பிட் செய்யும் கணக்கு) செய்து, 1099511628211-ஆல் பெருக்க வேண்டும். கம்பைலரே கணக்கை முடித்துவிடும். சிக்கல், பெயரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில். கம்பைலர் தரும் வகைப்பெயரை நம்பினால், ஜிசிசி கம்பைலர் எழுதுவது ஒன்று, மைக்ரோசாஃப்ட் கம்பைலர் எழுதுவது வேறொன்று. ஆகவே சரத்தை நாமே கொடுப்பதுதான் சரி. மோதலையும் (இரண்டு பெயர்களுக்கு ஒரே ஹேஷ் வருவது) கணக்கில் வையுங்கள்: 32 பிட்டில் 10,000 பெயர்கள் இருந்தால் எங்காவது மோத ஏறக்குறைய 1.2% வாய்ப்பு, சுமார் 77,000 பெயர்களில் அது பாதிக்குப் பாதி. 64 பிட்டில் அந்த நிலைக்கு 500 கோடி பெயர்கள் வேண்டும். எல்லா ஹேஷ்களையும் ஒரே ஸ்விட்சுக்குள் கேஸ்களாக அடுக்கிவிட்டால், இரண்டு ஒன்றாகும் அன்றே பில்ட் உடையும்; ஒரே எண்ணுக்கு இரண்டு கேஸ்களைக் கம்பைலர் ஏற்காது. எனக்கு மிகப் பிடித்த பாதுகாப்பு இது.

ஆனால் கிளாஸின் பெயரை மாற்றினால்? பழைய சரத்தையே வைத்திருக்க வேண்டும். அந்தக் கணமே அது பெயராக இல்லாமல், கையால் எழுதிய அடையாளமாகிவிடுகிறது.

அதனால் டிஸ்க்குக்கோ நெட்வொர்க்குக்கோ போகும் எதற்கும் நான் கையால் எழுதிய எண்ணின் பக்கம். ஜாவாவில் சீரியல்வெர்ஷன்யுஐடி-யை (சேமித்த ஆப்ஜெக்ட் கிளாஸின் எந்தப் பதிப்பு என்று காட்டும் எண்) எழுதாமல் விட்டால், கிளாஸின் அமைப்பிலிருந்து எஸ்ஹெச்ஏ-1 என்ற ஹேஷ் வழியே அது கணக்கிடப்படும். ஒரு பப்ளிக் மெதட் சேர்த்தாலே மாறி, பழைய ஆப்ஜெக்ட்டைப் படிக்க மறுத்துவிடும். வெளிப்படையாக எழுதுங்கள் என்று ஜாவா ஆவணமே வலியுறுத்துகிறது. மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள் கூறு முறையான காமின் இடைமுகங்களுக்கான 128 பிட் அடையாள எண்ணான ஜியுஐடி-யும், தரவை எழுதி அனுப்பும் கூகுளின் வடிவமான புரோட்டோபஃப்பின் புல எண்களும் இதே வழிதான்.

இதிலும் ஓட்டை உண்டு. கோப்பை நகலெடுத்துப் புது வகை எழுதுபவர் எண்ணை மாற்ற மறப்பார். அதற்கும் அந்த ஸ்விட்ச் உத்தியே போதும். நீக்கிய வகையின் எண்ணை இன்னொருவர் மறுபடி எடுப்பதுதான் பெரிய ஆபத்து. புரோட்டோபஃப்பில் இதற்கென்றே ‘ரிசர்வ்டு’ என்ற சொல் இருக்கிறது. சி++-இல் நாமேதான் இறந்த எண்களையும் அந்த ஸ்விட்சுக்குள் ஒரு கேஸாக விட்டுவைக்க வேண்டும்.