அக்காவின் நுரையீரல் ஸ்கேன்: விடுமுறையில் ஊரில் கண்டவை

என் அக்காவுக்கு சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் என்னும் தோல் இறுக்க நோய் இருப்பது சில ஆண்டுகளுக்கு முன்பே உறுதியாகிவிட்டது. தோல் இறுகுவதும், குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து நீலம் பாய்வதும் கண்ணுக்குத் தெரியும். நுரையீரலில் நார்த்திசு படிவது மூச்சு வாங்கும் வரை தெரிவதில்லை. இந்நோயாளிகளின் இறப்புக்கு இன்று முதன்மையான காரணம் நுரையீரல் பாதிப்புதான் என்பதால், இம்முறை ஊருக்குப் போனபோது அதைச் சரியாகப் படமெடுத்துப் பார்ப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் ஏற்கெனவே ஒரு எக்ஸ்ரேயும் ஒரு சி.டி. ஸ்கேனும் இருந்தன. எக்ஸ்ரேயில் குறை ஏதும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆரம்பக் கட்டப் பாதிப்பு எக்ஸ்ரேயில் தப்பிவிடக்கூடும் என்பதால் அதை நம்பி நிம்மதியடைய முடியாது என்றார் மூட்டுவாத நோய் மருத்துவர். சி.டி. எடுத்த நிலையமோ, "இரு அடிப்பகுதிகளிலும் லேசான மாற்றங்கள்" என்று ஒரே வரியில் அறிக்கையை முடித்திருந்தது. கூடக் கொடுத்த குறுந்தகட்டில் நுரையீரலை 5 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளாகக் காட்டும் படங்கள் மட்டுமே இருந்தன. இந்நோய்க்கு வேண்டியது 1.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய படங்களைக் கொண்ட எச்.ஆர்.சி.டி. என்னும் நுணுக்கமான சி.டி. ஸ்கேன்; கனமான படத்தில் நுண்ணிய வலைப்பின்னல் கோடுகள் மங்கிப் போகும். சீட்டில் நோயின் பெயரே இல்லாமல் ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் எதைத் தேட வேண்டும் என்று தெரியாதவர் எழுதும் அறிக்கை அப்படித்தான் அமையும்.

இம்முறை மருத்துவர் சீட்டிலேயே நோயின் பெயர், இந்நோயாளிகள் பலரின் ரத்தத்தில் காணப்படும் எஸ்.சி.எல்.-70 எதிர்ப்பொருள் அக்காவுக்கு இருக்கும் விவரம், சாய மருந்து ஊசி தேவையில்லை, குப்புறப் படுக்க வைத்தும் எடுக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்தார். நாங்கள் போன இரண்டாவது நிலையத்தின் சேவையை மனமாரப் பாராட்டுகிறேன். குளிரூட்டிய அறையில் அக்காவின் விரல்கள் வெளுத்ததைக் கண்டதும் அங்கிருந்த தொழில்நுட்பர் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து கைகளைச் சுற்றிவிட்டார். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி எண்ணைக் காட்டாமல் தடுமாறியபோது, அதற்கெனத் தனியாக வைத்திருந்த கருவியைக் காது மடலில் பொருத்திப் பார்த்தார். பிறகு, மேசையில் ஏற்றும் முன்பே, "அம்மா, நல்லா இழுங்க, இன்னும் கொஞ்சம், அப்படியே பிடிங்க" என்று சொல்லிச் சொல்லி மூச்சுப் பிடிப்பதைப் பலமுறை பழக்கினார்.

அந்தப் பயிற்சி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ரேடியாலஜி மருத்துவர் பின்னர் திரையில் காட்டி விளக்கினார். மூச்சை முழுதாக இழுக்காவிட்டால் நோயில்லாத நுரையீரலும் மங்கலாகத் தெரிந்து, 'கிரவுண்ட் கிளாஸ்' எனப்படும் நோய்க்குறியைப் போல ஏமாற்றும். மல்லாந்து படுக்கும்போது முதுகுப் பக்கத்து அடிப்பகுதி அமுங்கி அங்கேயும் ஒரு மங்கல் உண்டாகும்; இந்நோய் முதலில் பிடிக்கும் இடமும் அதுவே. குப்புறப் படுத்து எடுத்த படத்தில் அந்த மங்கல் மறைந்தால் அது படுத்த நிலையால் வந்தது, மறையாவிட்டால் நோய். அக்காவுக்கு மறையவில்லை.

அறிக்கை இரண்டு பக்கங்களுக்கு விரிவாக இருந்தது. இந்நோயில் பெரும்பாலும் காணப்படும் என்.எஸ்.ஐ.பி. என்னும் நுரையீரல் திசு அழற்சி வகை என்றும், முற்றிய நார்த்திசுப் படிவைக் காட்டும் தேன்கூடு போன்ற துளைகள் இல்லை என்றும், பாதிப்பு நுரையீரலின் மொத்தப் பரப்பில் 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் எழுதியிருந்தார்கள். 2008-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்குப் பின் இந்த 20 விழுக்காடுதான் குறைந்த பாதிப்பையும் அதிகப் பாதிப்பையும் பிரிக்கும் கோடாகப் பலராலும் கொள்ளப்படுகிறது. "லேசான மாற்றம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது. பரப்பளவு தெரிந்தால் முடியும். உணவுக்குழாய் விரிந்திருப்பதையும், நுரையீரல் தமனியின் அகலத்தையும் அதே படங்களிலிருந்து குறித்திருந்தார்கள். தமனி சற்று அகன்றிருந்ததால் எக்கோ என்னும் இதய ஒலியலைப் பரிசோதனைக்கும் எழுதித் தந்தார் மருத்துவர், ஏனெனில் நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் கூடுவது இந்நோயின் இன்னொரு ஆபத்து.

மெல்லிய படங்கள் முழுவதையும் தகட்டில் பதிந்து தரும்படி நான் கேட்டபோது கவுன்ட்டரில் முதலில் தயங்கினார்கள். ஃபிலிம் போதாதா என்றார்கள். ஃபிலிமில் அச்சாவது தேர்ந்தெடுத்த சில படங்களே. அடுத்த ஸ்கேனை இதனோடு ஒப்பிட வேண்டுமானால் முழுத் தொகுப்பும் கையில் இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கியபின் தந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இந்த ஒன்றைக் கேட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

கதிர்வீச்சைக் கருதி ஸ்கேனை அடிக்கடி எடுப்பதில்லை. அக்காவுக்கு நோயெதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கும் மைகோஃபினோலேட் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இடைக்காலத்தில் மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனையே வழிகாட்டும். அதில் எஃப்.வி.சி., அதாவது முழுதாக இழுத்த மூச்சை வேகமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, முன்னிருந்ததைவிட 10 விழுக்காடு குறைந்தாலோ, மூச்சிரைப்பு கூடினாலோ, அதே நிலையத்தில் அதே முறையில் மீண்டும் எச்.ஆர்.சி.டி. எடுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.