சென்னையில் கருச் சேமிப்புச் சேவை: படிவத்தின் மூன்றாவது கட்டம்

தென்சென்னையில் உள்ள ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தில் 2022 ஜூலையில் எனக்கு ஐ.வி.எஃப். (கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும்) சிகிச்சை நடந்தது. எடுத்த கருமுட்டைகளில் ஐந்து, கருவாகி ஐந்தாம் நாள் வரை வளர்ந்தன. அவற்றில் ஒன்றுதான் இன்று இரண்டு வயது மகளாக எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறாள். மற்ற நான்கும் மைனஸ் 196 டிகிரிக் குளிரில் திரவ நைட்ரஜனுக்குள் இருக்கின்றன. சிகிச்சையைப் பற்றிய அனுபவங்களைப் பலரும் எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் நாம் பணம் கட்டிப் பெறும் கருச் சேமிப்புச் சேவையைப் பற்றி எவரும் எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் இதை எழுதுகிறேன். அறிவியல் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது என்று சொல்லப்படும் பேச்சைப் பற்றியும் இதனூடே சொல்ல வேண்டியிருக்கிறது.

பொதுவான விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேமிப்புக் கட்டணம் எங்களுக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். ரசீது உடனே கிடைக்கிறது, புதுப்பிக்க வேண்டிய நாளுக்கு ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் வருகிறது. காத்திருக்கும் நேரம் அதிகம் என்றாலும் செவிலியர்கள் கனிவாகப் பேசுகிறார்கள். இவற்றில் எனக்குக் குறையில்லை.

குறை படிவத்தில் இருக்கிறது. கடந்த ஜூலையில் புதுப்பிக்கப் போனபோது ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கங்களை நீட்டிய வரவேற்பு மேசைப் பெண், "மேடம், கடைசிப் பக்கத்துல மூணு கட்டம் இருக்கு. ஒண்ணுல டிக் பண்ணி, நீங்களும் சாரும் சைன் பண்ணிடுங்க" என்றார். முதல் கட்டம் சேமிப்பைத் தொடர்வதற்கு. இரண்டாவது, கருக்களை அழிய விட்டுவிடுவதற்கு. மூன்றாவது அவற்றை ஆய்வுக்குக் கொடுப்பதற்கு. மூன்றாவதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. எந்த ஆய்வு, யார் செய்வது, எத்தனை நாள் என்று நான் கேட்டபோது, "ரிசர்ச்சுக்கு மேடம், நிறைய பேர் அதைத்தான் டிக் பண்றாங்க" என்பதே பதிலாக வந்தது. என் கணவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். அன்று நாங்கள் கையெழுத்திடாமல் திரும்பினோம்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் மாமியார், "அதுவும் இவ கூடப் பொறந்ததுதானேம்மா, ஊசி குத்திப் பார்க்கவா குடுப்பீங்க?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஆயினும் என் மகள் பிறந்ததே கருக்களின்மேல் நடந்த ஆய்வினால்தான் என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை. இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ் குழுவினர் மனிதக் கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்ததை 1969-இல் வெளியிட்டார்கள். 1971-இல் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அறவியல் ஐயங்களையும் காரணமாகக் காட்டி அவர்களுக்கு நிதி தர மறுத்தது. அவர்கள் நிறுத்தாமல் தொடர்ந்ததால்தான் 1978 ஜூலை 25-இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அதே ஆண்டு அக்டோபர் 3-இல் கொல்கத்தாவில், உறைய வைத்துப் பின்னர் உருக்கிய கருவிலிருந்து துர்கா என்ற குழந்தையைப் பிறக்கச் செய்தார் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நான் ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெறும் இந்தச் சேவையின் தொடக்கத்தில் அந்த மனிதர் இருக்கிறார் என்று அறிந்தபோது, அறிவியல் தீமையே அதிகம் செய்கிறது என்ற பேச்சை என்னால் ஏற்க இயலவில்லை. ஆய்வைத் தடுத்ததாலும் பழித்ததாலும் விளைந்த தீமையையும் அந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் அறிவியலால் தீமை நேர்ந்த இடங்களும் உண்டு. 2018-இல் சீனாவில் ஹ ஜியான்குய் என்பவர் கருக்களின் மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண்குழந்தைகளைப் பிறக்கச் செய்தார். பெற்றோரிடம் அவர் கையெழுத்து வாங்கிய படிவம், அந்த முயற்சியை எய்ட்ஸ் தடுப்பூசித் திட்டம் என்று குறிப்பிட்டிருந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் அவருக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2022-இல் ஈரோட்டுப் பகுதியில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதைப் போலி ஆதார் அட்டையால் கூட்டிக் காட்டி, அவளுடைய கருமுட்டைகளைத் தனியார் மருத்துவமனைகளுக்கு விற்ற கொடுமையைத் தமிழ்நாடே படித்தது. இந்த இரண்டிலும் நுண்ணோக்கியைத் தொடுவதற்கு முன்பே, ஒப்புதல் வாங்கிய தாளில் குற்றம் நடந்து முடிந்திருந்தது. மூன்றாவது கட்டத்துக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கிய படிவத்தைச் சிறிய குறையாக என்னால் கருத முடியாததற்கு இதுவே காரணம்.

கையெழுத்திடாமல் திரும்பிய இரண்டு நாள் கழித்து அம்மையத்தின் எம்ப்ரியாலஜிஸ்ட் (ஆய்வகத்தில் கருக்களை வளர்த்துப் பேணும் நிபுணர்) தாமே தொலைபேசியில் அழைத்து, சனிக்கிழமை வரச் சொன்னார். இந்தச் சேவைக்கு நான் தரும் பாராட்டு முழுவதும் அவருக்கே உரியது. ஆய்வகத்துக்குள் வெளியாட்கள் போகக்கூடாது என்பதால் கண்ணாடிக்கு வெளியே எங்களை நிறுத்தி, உள்ளே போய், கருக்கள் இருக்கும் நைட்ரஜன் கலனின் மூடியைத் திறந்தார். வெண்புகை விளிம்பைத் தாண்டி வழிந்து தரையை நோக்கி இறங்கியது. நீண்ட அளவுகோல் ஒன்றை உள்ளே விட்டு எடுத்துக் காற்றில் ஒருமுறை வீசியபோது, நைட்ரஜன் நின்ற உயரம் வரைக்கும் அதில் வெள்ளையாக உறைபனி படிந்தது. அந்த உயரத்தை அவர் நாட்குறிப்பில் எழுதினார். முந்தைய நாட்களின் அளவுகளும் அதே பக்கத்தில் வரிசையாக இருந்தன. பின்னர் எங்கள் கருக்களின் படத்தைத் திரையில் காட்டினார். வெளிப்புறம் மெல்லிய வளையம், உள்ளே ஒரு பக்கமாக ஒதுங்கிய சிறு திரள்; மொத்தமும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. குழந்தையாக வளர்வது அந்தச் சிறு திரள்தான். 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலாகப் பிரித்து வளர்த்த, உடலின் எந்த அணுவாகவும் மாறக்கூடிய மனிதக் கருக் குருத்தணுக்களும் (ஸ்டெம் செல்) அதிலிருந்து எடுத்தவையே. அதை எடுத்துவிட்டால் கரு மிஞ்சுவதில்லை.

ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமனாகா ஒருமுறை நண்பரின் கருத்தரிப்பு மையத்தில் நுண்ணோக்கி வழியாக இப்படியொரு கருவைப் பார்த்தபோது, இதற்கும் தம் மகள்களுக்கும் வேறுபாடு மிகக் குறைவே என்று நினைத்தாராம். கருவை அழிக்காமல் சாதாரண உடலணுவையே குருத்தணுவாக மாற்றும் வழியை அவர் தேடிக் கண்டடைந்ததில் அந்த எண்ணத்துக்குப் பங்கு உண்டு. 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாமியாரின் கேள்வியும் அவருடைய எண்ணமும் ஏறத்தாழ ஒன்றே என்பது அந்தத் திரையின் முன் நிற்கும்போது எனக்குப் பட்டது.

ஆய்வுக்குக் கொடுக்கும் கருவை எத்தனை நாள் வளர்க்கலாம் என்று எம்ப்ரியாலஜிஸ்டிடம் கேட்டேன். 14 நாள், அல்லது முதுகுத்தண்டின் திசையைக் காட்டும் கோடு தோன்றும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை என்றார். 1984-இல் பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு வகுத்த எல்லை அது. அதுவரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராக ஆகவும் கூடும் என்பதால், இன்னும் ஓர் ஆள் என்று சொல்ல இயலாத நிலை. 2016-இல் சில ஆய்வகங்கள் 13-ஆம் நாள் வரை வளர்த்துக் காட்டின. 2021-இல் பன்னாட்டுக் குருத்தணு ஆராய்ச்சிச் சங்கம் அந்த எல்லையைத் தாண்டி வளர்ப்பதைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. எல்லையைத் தள்ள வேண்டிய தேவை வந்தால் தள்ளட்டும், ஆனால் கருவைக் கொடுக்கும் தாய் தகப்பனிடம் சொல்லிவிட்டுத் தள்ளட்டும் என்பதே என் நிலை.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "உண்மையைச் சொல்லிடறேங்க. இப்போதைக்கு எந்த ஆய்வு நிறுவனத்தோடவும் எங்களுக்கு ஏற்பாடு இல்லை" என்றார். மூன்றாவது கட்டத்தில் டிக் செய்தவர்களின் கருக்கள் அதே கலனில்தான் கிடக்கின்றனவாம். கருத்தரிப்புச் சிகிச்சைகளை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி சேமிப்பு பத்தாண்டுக்கு மேல் கூடாது. அதன்பின் அழிய விடலாம், அல்லது தம்பதியரின் ஒப்புதலோடு பதிவுபெற்ற ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு நிறுவனமே இல்லாதபோது ஒப்புதலை மட்டும் வாங்கி வைப்பது, நல்ல மனத்தோடு கொடுக்க வந்தவர்களை ஏமாற்றுவதாகும். அவரிடமே இதைச் சொன்னேன், அவர் மறுக்கவில்லை.

தமிழ்ப் படிவமும் இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். அதில் கருமுட்டைக்கும் கருவுக்கும் சேர்த்துக் "கருமுட்டை" என்ற ஒரே சொல்லை அச்சிட்டிருக்கிறார்கள். கருவைக் கொடுக்கிறோம் என்று அறியாமலே ஒரு பெண் அதில் கையெழுத்திட முடியும். நாங்கள் மூன்று இடங்களில் அச்சொல்லை அடித்துத் திருத்தினோம். முதல் கட்டத்தில் டிக் செய்து, மூன்றாவதன் அருகே "ஆய்வின் பெயரும் நோக்கமும் எங்களுக்கு எழுத்தில் தெரிவித்த பின்னரே முடிவு செய்வோம்" என்று கையால் எழுதினோம். எம்ப்ரியாலஜிஸ்ட் அதன் கீழ்த் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார், நகலும் தந்தார். அவரைச் சந்திக்கச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன் போவது நல்லது. அதற்குக் கட்டணம் கிடையாது.