இரண்டு இ1 லைன்களை இணைக்க எந்த கார்டு? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவைக் கவனிக்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: சென்னை அலுவலகத்துக்கு இரண்டு இ1 லைன்களை (ஒவ்வொன்றும் நொடிக்குச் சுமார் இரண்டு மெகாபிட் வேகமுள்ள வாடகை லைன்) மல்டிலிங்க் பிபிபி-யில், அதாவது பல லைன்களை ஒன்றுபோல ஓட்டும் முறையில், இணைக்க ரவுட்டரில் பழைய இரட்டை இ1 கார்டே போதுமா, விலை கூடுதலான விவிக்-2 என்ற சிஸ்கோவின் அடுத்த தலைமுறைக் கார்டு வேண்டுமா? ராணிப்பேட்டையில் எங்கள் தோல் நிறுவனத்தில் இரண்டையுமே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால் உறுதியாகவே சொல்கிறேன்.

சீரியல் கார்டும், இ1 லைனை அதற்கேற்ப மாற்றித் தரும் வி.35 கன்வெர்ட்டர் பெட்டிகளும் என்ற யோசனையே வேண்டாம். லைனுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு அடாப்டர், கனத்த பிளக், அக்னி நட்சத்திரத்தில் கை வைக்க முடியாத சூடு. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இ1 கார்டில் எல்லோரும் போர்ட்டையும் விலையையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கடிகாரம், அதாவது லைனில் பிட்டுகள் ஓடும் தாளத்தை நிர்ணயிக்கும் சிக்னல். பழைய கார்டில் இரண்டு போர்ட்டுக்கும் ஒரே கடிகாரம்தான். எங்கள் லைன்களோ இரு வேறு நிறுவனங்களிடமிருந்து வந்தவை. ஒன்றின் கருவி தன் சொந்தக் கடிகாரத்தில் தன்னிச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. வேகம் பத்து லட்சத்தில் 50 பங்கு விலகினாலே நொடிக்கு நூறு பிட்டுக்கு மேல் பிசகுகிறது. இ1-இல் பிட்டுகள் ஃப்ரேம் என்ற தொகுதிகளாகப் போகின்றன; ஒரு ஃப்ரேம் 256 பிட். ஆக, இரண்டரை நொடிக்கு ஒரு ஸ்லிப், அதாவது ஒரு ஃப்ரேம் தொலைகிறது அல்லது இரட்டிக்கிறது. ரவுட்டரில் "ஷோ கன்ட்ரோலர்ஸ் இ1" என்று தட்டினால் முதல் போர்ட்டில் சுத்தமான பூஜ்யங்கள். இரண்டாவதில் ஸ்லிப் எண்ணிக்கை கண் முன்னாலேயே ஏறும்.

தனி லைனாக இருந்தால் பாதிப்பு அந்த லைனோடு போயிருக்கும். மல்டிலிங்க் பாக்கெட்டுகளைத் துண்டாக்கி இரு லைனிலும் அனுப்பி, மறுமுனையில் வரிசை எண்படி கோக்கிறது. ஒரு துண்டு தொலைந்தால் நல்ல லைனில் வந்தவையும் அதற்காகக் காத்துக் கிடக்கின்றன. இரண்டு லைனுக்கு வாடகை கட்டி, ஒற்றை லைனைவிட மெதுவாக வேலை பார்த்தோம். லைன் கொடுத்தவர்களைக் கேட்டால், "உங்கள் ரவுட்டரைச் சோதியுங்கள்" என்ற ஒரே பதில்.

விவிக்-2 போட்டதும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் "கிளாக் சோர்ஸ் லைன் இண்டிபெண்டெண்ட்" என்று ஒரு வரி கொடுத்தேன். இரண்டு போர்ட்டிலும் ஸ்லிப் நின்றது. அன்று அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்; அத்தனை நிம்மதி. அதன் பிறகு அந்தக் கார்டு என்னை ஒரு நாளும் தொல்லைப்படுத்தியதில்லை. இது தரவு இணைப்புக்கு மட்டும். குரல் அழைப்புக்கும் அதே கார்டு என்றால் இந்தத் தனிக் கடிகாரம் கிடையாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள் என்பதுதான். போன வாரம் சாலையோரத்தில் ஜேசிபி தோண்டியதில் எங்கள் இரண்டு லைன்களும் ஒன்றாகப் போயின. நிறுவனம் இரண்டு, கேபிள் போகும் பள்ளம் ஒன்று! இத்தனை பாடும் நான்கு மெகாபிட்டைக்கூடத் தொடாத ஒரு இணைப்புக்காக. ஃபைபரில் ஈதர்நெட்டாகவே கேட்டு வாங்குங்கள். உங்கள் பக்கம் கடிகாரப் பிரச்சினையே எழாது.

முதலாளி இ1-தான் என்று பிடிவாதம் பிடித்தால் விவிக்-2 எடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு லைனும் எங்கிருந்து கடிகாரம் எடுக்கிறது, கேபிள் எந்த வழியாக வருகிறது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.