வரையாட்டுக்கு மாஸ்கர், தவளைக்கு மாடலர்

முக்கூர்த்தி வரையாட்டின் ஜீனோமில், அதாவது அதன் முழு டிஎன்ஏ வரிசையில், திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைக் கணக்கிட ரிப்பீட்மாஸ்கர் என்ற மென்பொருளே போதும். தெரிந்த துண்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் இடமெல்லாம் 'N' என்ற எழுத்தைப் போட்டு மறைத்துவிட்டு, எந்த வகை எத்தனை சதவீதம் என அட்டவணை தரும். 2005இல் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டாலும், வரையாடு செம்மறிக்கு நெருங்கிய சொந்தம். ஆடுமாடுகளில் மண்டிக் கிடக்கும் போவ்-பி துண்டுகள் பட்டியலில் ஏற்கெனவே உண்டு.

குன்னூர்ச் சோலையில் மழைக்குக் கத்தும் புதர்த்தவளை வேறு கதை. அதன் உறவுகளின் துண்டுகள் பட்டியலில் குறைவு, மாஸ்கரை மட்டும் நம்பினால் நிறைய விடுபடும். அதற்கு ரிப்பீட்மாடலர் என்ற மென்பொருள்தான் சரி. தவளையின் டிஎன்ஏ வரிசையிலிருந்தே ஒன்றுபோல் இருக்கும் துண்டுகளைக் குடும்பங்களாகப் பிரித்துப் புதுப் பட்டியல் கட்டும். நாள்கணக்கில் ஓடும், ஓடட்டும். அப்புறம் அந்தப் பட்டியலை மாஸ்கரிடம் கொடுங்கள்.