முதல் ஆட்டம் எங்கே: தலைநகரிலா, சொந்தத் தீவிலா?

மாலத்தீவும், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் உள்ள கேப் வெர்டேயும் ஒரே ஆண்டில், 1986-ல், ஃபிஃபாவில் சேர்ந்தவை. இரண்டிலும் மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்து லட்சம். இரண்டுமே கடலில் சிதறிக் கிடக்கும் நாடுகள். இன்று கேப் வெர்டே கேமரூனைப் பின்னுக்குத் தள்ளி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடு. மாலத்தீவிலோ, கால்பந்து சங்கத்தைச் சீர்செய்ய 2014-ல் ஒரு முறையும் 2024-ல் மறுபடியும் ஃபிஃபா தற்காலிகக் குழுவை நியமிக்க வேண்டியதாயிற்று. போட்டிகளை நடத்தும் முறைக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

மாலத்தீவில் உயர்மட்டக் கால்பந்து என்றாலே தலைநகர் மாலேதான். மாசியா, நியூ ரேடியன்ட், விக்டரி, வலென்சியா என்று பேர்போன கிளப்புகள் எல்லாம் அந்தச் சின்னத் தீவுக்குள் வளர்ந்தவை. இதில் நன்மை இல்லாமல் இல்லை. பயணச் செலவு கிடையாது, நல்ல ஆட்டக்காரர்கள் வாராவாரம் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். 2008-லும் 2018-லும் தெற்காசியக் கோப்பையை வென்றபோது, இறுதியாட்டத்தில் இரண்டு முறையும் தோற்றது இந்தியா. அலி அஷ்ஃபாக் மாதிரி ஒரு கோல்காரரையும் இந்த ஏற்பாடுதான் தந்தது.

ஆனால் மக்கள் வாழும் தீவுகள் அங்கே சுமார் 190. தென்கோடியில் உள்ள அட்டு, மாலேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். அங்கே பிறந்த திறமையான பையன் மேலே வர வேண்டுமென்றால், வீட்டை விட்டு, வாடகை எகிறும் நெரிசலான நகரத்துக்குப் போக வேண்டும். எத்தனை குடும்பத்தால் முடியும்? நிலந்தூ, ஃபோகைதூ போன்ற வெளித்தீவு அணிகள் முதல் பிரிவுக்கு வந்தன, உண்மைதான். ஆனால் ஆட்டம் நடந்தது மாலே மைதானத்தில். ஊர்க்காரர்கள் தங்கள் அணியை டிவியில்தான் பார்த்தார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

கேப் வெர்டே இதைத் தலைகீழாகச் செய்கிறது. மக்கள் வாழும் ஒன்பது தீவுகளிலும் தனித்தனி லீக். சாந்தியாகோ, சாந்து அந்தாவ் இரண்டிலும் மட்டும் வடக்கு, தெற்கு என்று இரண்டிரண்டு. ஆக மொத்தம் 11. அவற்றில் வென்றவர்கள்தான் தேசியச் சாம்பியன் பட்டத்துக்கு மோதுகிறார்கள். சீசனின் பெரும்பகுதிக்கு யாரும் கடல் தாண்ட வேண்டாம். விமான நிலையம் இயங்காத பிராவா தீவுக்கும் ஒரு சாம்பியன் உண்டு. நிர்வாகத்துக்கும் இது நல்லது: தலைநகரில் சங்கத்துக்குள் சண்டை வந்தாலும் தீவு லீக் ஓட வழியிருக்கிறது.

இதில் குறையும் உண்டு. சின்னத் தீவின் லீக்கில் தரம் குறைவு, அங்கே எளிதாக வென்றவர்கள் தேசியச் சுற்றில் திணறுவார்கள். அப்புறம், உலகக் கோப்பைக்குப் போன அணி தீவு லீக்கால் மட்டும் உருவானதல்ல. போர்ச்சுகல், நெதர்லாந்து, பிரான்ஸ் என்று புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் அதில் பெரும்பலம். அயர்லாந்தின் டப்ளினில் பிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் ராபர்ட்டோ லோப்பஸை லிங்க்ட்இன் வழியாகவே தேடிப் பிடித்தார்கள். அப்படிப்பட்ட புலம்பெயர் கூட்டம் மாலத்தீவுக்கு இல்லை. இதை மறைத்து ஒப்பிடுவது நியாயமாகாது.

வட அட்லாண்டிக்கில் டென்மார்க்கைச் சேர்ந்த பரோ தீவுகளின் வழி வேறு. சுமார் 54,000 பேர், 18 தீவுகள், ஆனால் கடலடிச் சுரங்கச் சாலைகள் முக்கியத் தீவுகளை இணைத்துவிட்டன. செயற்கைப் புல் மைதானங்களும் சேர, 2023-ல் அங்குள்ள கேஐ கிளாக்ஸ்விக் என்ற கிளப், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச் சுற்று வரை போனது. பவளத்தீவுகளுக்கு நடுவே சுரங்கம் தோண்டுவது நடக்கிற காரியமில்லை. மைதானப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, மாலத்தீவுக்கு எது? என் ஓட்டு கேப் வெர்டே முறைக்கு, ஒரு மாற்றத்தோடு. சில நூறு பேர் மட்டுமே வாழும் தீவுகள் நிறைய, அங்கே பதினோரு பேர் அணியே கஷ்டம். ஆகவே தீவுக்கொரு லீக் வேண்டாம், பவளத்திட்டுக்கு, அதாவது அருகருகே உள்ள தீவுகளின் கூட்டத்துக்கு, ஒன்று போதும். ஒரே திட்டுக்குள் தோணியிலோ வேகப்படகிலோ போய் ஆடிவிட்டு அன்றே திரும்பலாம். வென்றவர்களும் மாலே கிளப்புகளும் பிறகு மோதட்டும், சில ஆட்டங்களாவது வெளித்தீவில் நடக்கட்டும். தொடங்க நல்ல இடம் அட்டுதான். அந்தத் திட்டில் உள்ள ஹிதாதூ, மராதூ, ஃபெய்தூ, கான் தீவுகள் எல்லாம் ஏற்கெனவே சாலையால் இணைந்தவை. அங்கே படகுச் செலவுகூட இல்லை.