மோஸ்லரா, 962சி-யா? 1/32 ஸ்லாட் காரில் அழகும் பிடிப்பும்

ஸ்லாட் கார் என்பது ட்ராக்கின் பள்ளத்தில் ஓடும் சிறு மின்சாரக் கார்; 1/32 என்றால் நிஜக் காரில் 32-இல் ஒரு பங்கு. காரை ட்ராக்கோடு இழுத்துப் பிடிக்கும் காந்தத்தைக் கழற்றி ஓட்டுபவர்களிடம் வேகமான 1/32 கார் எதுவென்று கேட்டால் இரண்டு இத்தாலியத் தயாரிப்புகளின் பெயர்கள் அடிக்கடி வரும். ஒன்று என்எஸ்ஆரின் மோஸ்லர் எம்டி900ஆர். இன்னொன்று ஸ்லாட்.இட்டின் போர்ஷே 956, 962சி வரிசை. இரண்டும் 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளைத் தாண்டும் மோட்டாரோடு வருபவை. ஓடத் தயாரான எடையும் இரண்டுக்கும் ஏறக்குறைய 70 முதல் 80 கிராம்தான். ஆனால் கட்டமைப்பில் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன. சுற்று நேரம் மட்டுமே கணக்கு என்றால் மோஸ்லரை வாங்குங்கள். அலமாரியிலும் அழகாக நிற்க வேண்டும், ஓடவும் வேண்டும் என்றால் 962சி. நேரத்தில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதை உங்கள் ட்ராக்கும் டயரும்தான் தீர்மானிக்கும்.

தோற்றம்

இந்தப் பகுதியில் போட்டியே இல்லை, 962சி-க்குத்தான் வெற்றி. 1980-களின் பந்தயக் கார் வகையான குரூப் சி-யின் விதிப்படி காரின் அதிகபட்ச அகலம் 2 மீட்டர், நீளம் 4.8 மீட்டர். 32-ஆல் வகுத்தால் 62.5 மி.மீ., 150 மி.மீ. அகலமும் தாழ்வும் நிஜக் காரிலேயே இருந்ததால், ஸ்லாட் காருக்காக உருவத்தை அமுக்கவோ அகட்டவோ வேண்டிய கட்டாயம் வரவில்லை. அளவு பிசகாத கார் நன்றாக ஓடவும் செய்வது இந்தப் பொழுதுபோக்கில் அபூர்வம்.

956-க்கும் 962-க்கும் உள்ள வேறுபாட்டை ஸ்லாட்.இட் கவனித்துச் செய்திருக்கிறது. 1982-இல் வந்த 956-இல் ஓட்டுநரின் பாதங்கள் முன் ஆக்சிலுக்கும் முன்னால் இருந்தன. அமெரிக்காவின் இம்சா பந்தய விதி அதை ஏற்கவில்லை. எனவே முன் ஆக்சிலை 120 மி.மீ. முன்னால் நகர்த்தி 962-ஐ உருவாக்கினார்கள்; அதன் குரூப் சி வடிவமே 962சி. சக்கர இடைவெளி 2,650-லிருந்து 2,770 மி.மீ. ஆனது. 1/32-இல் அது 3.75 மி.மீ. மட்டும். அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கதவுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள இடத்தைப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் படும். பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்கான நீண்ட வால், மற்ற ட்ராக்குகளுக்கான குட்டை வால் என்று பாடியும் இரண்டு வகை. குட்டை வாலில் பின் இறக்கை உயர்ந்து நிற்கும், நீண்ட வாலில் தாழ்ந்து பின்னுக்குத் தள்ளியிருக்கும். சேகரிப்பவருக்கு வண்ணக் கோலங்களும் ஒரு காரணம். 1984, 1985 இரண்டு ஆண்டுகளும் லெ மான்ஸை வென்றது யோஸ்ட் அணியின் ஒரே கார்தான், சேஸிஸ் (அடிச்சட்டம்) எண் 956-117. அந்த மஞ்சள் கறுப்புக் காரின் கதை தெரிந்தவர் அதை வாங்காமல் விடமாட்டார்.

மோஸ்லர் அமெரிக்கக் கார். நிஜத்திலும் சில பந்தய அணிகளே ஓட்டிய வண்டி அது, போர்ஷேக்கு இருக்கும் வரலாற்றுப் பாரம் அதற்கு இல்லை. ஸ்லாட் உலகில் அது புகழ் பெற்றது ஓட்டத்தால் மட்டுமே. பின்பக்கம் தட்டையாக அகன்ற தளம், தாழ்ந்த மூக்கு, சக்கரங்களை ஒட்டி விரிந்த தோள்கள் என்று உருவமே ஓட்டத்துக்குச் சாதகமானது. பாடி மெல்லியது, உள்ளறையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை அச்சில் உறிஞ்சி எடுத்தது. ஓட்டுநர் பொம்மை தலை, தோள் அளவில் முடிந்துவிடும். கையில் எடுத்துக் கண்ணருகே வைத்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி ட்ராக்கில் பார்த்தால், அந்தத் தாழ்வும் அகலமும் கவர்ச்சியாகவே இருக்கின்றன. இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. பாடியில் குறையும் ஒவ்வொரு கிராமும் காரின் உயரமான பகுதியிலிருந்து குறைகிறது, அதனால் வளைவில் கவிழும் போக்கும் குறைகிறது.

நுணுக்கத்தை மட்டும் கேட்பவர்களுக்காக ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கையும் சொல்லிவிடலாம். 1957-இல் பிரிட்டனில் தொடங்கிய அந்தப் பெயரில் இன்று வரும் ஜிடி கார்களின் அச்சுத் தரம் நன்றாகவே இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் காந்தத்தை நம்பியே வடிவமைக்கப்பட்டவை அவை. காந்தத்தைக் கழற்றினால் பிளாஸ்டிக் சக்கரங்களின் வட்டப் பிசகும் ஆக்சில் ஆட்டமும் உடனே வெளிப்படும். சக்கரம், ஆக்சில், பற்சக்கரம், டயர் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு கூட்டிப் பாருங்கள், செலவு ஸ்லாட்.இட் கார் விலையை எட்டியிருக்கும்.

மோட்டார் எந்தத் திசையில் படுத்திருக்கிறது

ஓட்டத்தில் இரண்டு காருக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இங்கேதான். 962சி-யில் மோட்டார் காரின் நீளவாக்கில் படுத்திருக்கும். அதன் தண்டின் நுனியிலுள்ள சிறு பற்சக்கரம், ஆக்சிலில் மாட்டிய கிரௌன் பற்சக்கரத்தைச் செங்கோணத்தில் சுழற்றும். இந்த அமைப்பின் பெயர் இன்லைன். இன்று பரவலாக ஓடும் மோஸ்லரில் மோட்டார் ஏறக்குறைய ஆக்சிலுக்கு இணையாக, சற்றே சாய்ந்து கிடக்கும். அது ஆங்கிள்வைண்டர்.

இன்லைனில் மோட்டாரின் சுழலி வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் எதிர்வினை சேஸிஸை நீளவாக்கு அச்சில் முறுக்கும். ஒரு பின் சக்கரம் அழுந்தும், மற்றது இலகுவாகும். இதனால்தான் சில இன்லைன் கார்கள் இடது வளைவிலிருந்து வெளியேறும்போது ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் நடந்துகொள்கின்றன. ஆங்கிள்வைண்டரில் அந்த எதிர்வினை பெரும்பாலும் முன்பின் திசைக்குப் போய்விடும். சுழலி சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், முடுக்கும்போது மூக்கைக் கீழே அழுத்தும் பக்கமாகவே அது வேலை செய்யும். காரின் மூக்கடியிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கும் கைடு அங்கேயே நிற்க இது உதவி. பிரேக்கில் இதே விசை தலைகீழாகும். எனவே பிரேக் கடுமையாக வைத்த கன்ட்ரோலரில் முன்பக்கம் துள்ளினால் முதலில் பிரேக்கைக் குறையுங்கள், எடை ஒட்டுவது பிறகு.

எடை இருக்கும் இடமும் வேறு. மோஸ்லரில் மோட்டார் பின் ஆக்சிலை ஒட்டியே கிடப்பதால் இழுவை அதிகம். குறுகிய வளைவிலிருந்து வெளியே பாயும்போது இதை உணரலாம். 962சி-யில் மோட்டாரின் எடை நடுவை நோக்கி நகர்ந்திருப்பதால் வால் மெதுவாக, முன்கூட்டிச் சொல்லிவிட்டு விலகும். புதிதாகக் காந்தமின்றி ஓட்டுபவருக்கு இது எளிதாகக் கைவரும். மோஸ்லரின் பிடிப்பு எல்லை உயரமானது, ஆனால் அங்கே போய்ச் சேர கைப்பழக்கம் வேண்டும்.

மோட்டாரையும் ஆக்சிலையும் தாங்கும் தொட்டில் இரண்டிலும் சேஸிஸிலிருந்து பிரிந்தது. இதைப் பாட் என்பார்கள். ஸ்லாட்.இட்டில் இன்லைன், சைட்வைண்டர் (மோட்டார் ஆக்சிலுக்கு நேர் இணை), ஆங்கிள்வைண்டர் என்று பாட்களைத் தனியே வாங்கி மாற்றலாம். 0.0, 0.5, 1.0 மி.மீ. என்று ஆஃப்செட்டும் உண்டு. ஆக்சில் மையத்தைவிட மோட்டார் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. இந்த நெகிழ்வுக்காகவே ஸ்லாட்.இட்டை விரும்புபவர்கள் பலர். மோஸ்லரில் தேர்வு வேறு விதம். சேஸிஸையே மென்மை, கடினம் என்று பல தரத்தில் வாங்கலாம். கரடுமுரடான, பிடிப்புக் குறைந்த ட்ராக்குக்கு மென்மையானது, சமமாக வழவழவென்று இருக்கும் ட்ராக்குக்குக் கடினமானது என்று தொடங்குங்கள்.

ட்ராக் மாறினால் தீர்ப்பும் மாறும்

ஸ்கேலெக்ஸ்ட்ரிக், கரெரா போன்ற பிளாஸ்டிக் ட்ராக்குகளின் தண்டவாளம் காந்தம் பிடிக்கும் உலோகம். மரத்தில் பள்ளம் வெட்டி செம்புப் பட்டை ஒட்டிய ட்ராக்கில் காந்தத்துக்கு வேலையே இல்லை, அங்கே அது வெறும் எடை. பலர் கவனிக்காத இன்னொன்று: சேஸிஸின் காந்தத்தைக் கழற்றினாலும் மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் தண்டவாளத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். தாழ்வாக, பின் ஆக்சிலை ஒட்டி, குறுக்கே கிடக்கும் மோட்டாரில் இந்த இழுப்பு கூடுதல் பலன் தரும். ஆகவே பிளாஸ்டிக் ட்ராக்கில் மோஸ்லரின் முன்னிலையில் ஒரு பங்கு மோட்டார் காந்தத்தால் வருவது. மர ட்ராக்கில் அந்தப் பங்கு மறைந்துவிடும். அங்கே நன்றாகச் சீரமைத்த 962சி மோஸ்லரை விடாமல் துரத்தும்.

டயரும் அப்படித்தான். இரண்டு நிறுவனங்களின் ரப்பர் டயர்களும் பிடிப்பில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கைவிட மேலானவை. மர ட்ராக்கில் ஒரே ரகத்தைத் தொடர்ந்து ஓட்டினால் ரப்பர் படிந்து பிடிப்பு ஏறும். அதே ட்ராக்கில் சிலிகோன் டயரைக் கலக்காதீர்கள். சிலிகோனுக்குத் துடைத்துச் சுத்தமான பரப்பு வேண்டும், ரப்பருக்குப் படிவு வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

பெட்டியிலிருந்து எடுத்ததும்

இரண்டு காருக்கும் வேலை ஒன்றே. பாடியைக் கழற்றி, காந்தத்தை எடுத்துவிட்டு, சேஸிஸைச் சமமான கண்ணாடித் தகட்டில் வையுங்கள். ஒரு மூலை தூக்கியிருந்தால் மோட்டாரையும் ஆக்சில்களையும் கழற்றி, சேஸிஸைக் கண்ணாடியோடு டேப்பால் இறுக்கி, கொதிக்கும் நிலைக்குக் கீழேயுள்ள வெந்நீரில் சில நிமிடம் வைத்து, குளிர்ந்த நீரில் ஆறவிடுங்கள். ஆறும்வரை டேப்பை அவிழ்க்கக் கூடாது. மென்மையான, மெல்லிய சேஸிஸ்களுக்கு இது கூடுதலாகத் தேவைப்படும்.

அடுத்தது பின் டயர். சக்கரத்தோடு சூப்பர் குளூவால் ஒட்டி உலரவிடுங்கள். ஒட்டாத டயர் வேகத்தில் விரிந்து வட்டம் கெடும். பிறகு முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மோட்டாருக்கு 4 முதல் 6 வோல்ட் கொடுத்து, சமதளத்தில் ஒட்டிய உப்புக் காகிதத்தில் பின் டயர்களை மெல்லத் தொடவையுங்கள். கரட்டில் தொடங்கி நயமான தாளில் முடியுங்கள். டயரின் முழு அகலமும் ஒரே மங்கல் நிறத்துக்கு வந்தால் போதும். உள் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சிலோ அதைத் தாங்கும் புஷ்ஷோ சாய்ந்திருக்கிறது, மேலே தேய்ப்பதை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். இந்த ஒரு வேலை தரும் பலனை வேறு எந்த உதிரிபாகமும் தராது. மோஸ்லரைவிட 962சி-யில் இதன் பலன் கூடத் தெரியும்.

முன் சக்கரங்கள் ட்ராக்கைத் தொடும், ஆனால் காரைத் தாங்கக் கூடாது. எடையைக் கைடுதான் தாங்க வேண்டும். இரண்டு காரின் இப்போதைய சேஸிஸ்களிலும் முன் ஆக்சில் உயரத்தை நிறுத்தச் தலையில்லாத சிறு கிரப் திருகுகள் உண்டு. முன் சக்கரம் அதிகம் இறங்கியிருந்தால் கைடு மேலெழும், மின்சாரம் விட்டு விட்டு வரும், வளைவில் பள்ளத்தைவிட்டு வெளியேறும். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பின்னல் பட்டையான பிரெய்டு தட்டையாக, நுனி சற்று விரிந்து இருக்க வேண்டும். சுருண்ட புதிய பிரெய்டு மூக்கைத் தூக்கி இதே குறையை உண்டாக்கும். மர ட்ராக்கின் பள்ளம் ஆழமானது, அதற்கு ஆழமான கைடு போடுங்கள். அதே கைடு பிளாஸ்டிக் ட்ராக்கில் பள்ளத்தின் அடியைத் தொட்டு உரசும்.

பிறகு திருகுகள். பாடித் திருகுகளை முழுதாக இறுக்கி, அரை முதல் ஒரு சுற்று தளர்த்துங்கள். பாடி மெதுவாக ஆடும் சத்தம் கேட்க வேண்டும். பாட் திருகுகளைக் கால் சுற்றில் தொடங்கி அரைச் சுற்றுக்குள் வையுங்கள். பாட் இறுக்கமாக இருந்தால் பின் சக்கரம் தாவும், மிகத் தளர்ந்தால் நேர்பாதையிலேயே கார் நெளியும். தளர்த்திய திருகு தானாகக் கழன்று விழாதிருக்க அதன் தலையில் துளி நெயில் பாலிஷ் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: பாடியின் உள்விளிம்பு பாட்டில் உரசினால் தளர்த்தியதில் பயனில்லை. 962சி-யின் பக்க விளிம்புகளை உள்ளிருந்து லேசாகத் தேய்த்துவிட்டால் இந்த உரசல் போகும்.

இத்தனைக்குப் பிறகும் கார் பள்ளத்தைவிட்டு ஏறினால்தான் எடை. கைடுக்குப் பின்னால், சேஸிஸின் அடிமட்டத்தில், ஒரு கிராம் வீதம் ஈயமோ டங்ஸ்டன் பசையோ சேர்த்துப் பாருங்கள். 5 கிராமைத் தாண்டியும் சரியாகவில்லை என்றால் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இன்லைனின் முறுக்குப் பிரச்சினைக்கு, இலகுவாகும் பக்கத்தில் ஒரு கிராம் மட்டும் ஒட்டினாலே வேறுபாடு தெரியும்.

பற்சக்கரக் கணக்கு

மோட்டாரில் 9 பல், ஆக்சிலில் 28 பல் என்றால் விகிதம் 3.11. பின் டயர் 20 மி.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 62.8 மி.மீ. ஆக மோட்டாரின் ஒரு சுற்றுக்குக் கார் ஏறக்குறைய 20 மி.மீ. நகரும். 21,500 சுற்று மோட்டாருக்குச் சுமையில்லாத கணக்கில் இது மணிக்கு 26 கி.மீ. வீட்டு ட்ராக்கின் 3 மீட்டர் நேர்பாதையில் அந்த உச்சத்தைத் தொடவே முடியாது. எனவே அங்கே விகிதத்தை 3.11-க்கு மேல் ஏற்றி வைத்தால் பிரேக்கும் முடுக்கமும் சீராகும். நீண்ட கிளப் ட்ராக்கில் மட்டும் இறக்குங்கள். டயரைத் தேய்த்து அரை மில்லிமீட்டர் குறைத்தாலே விகிதம் சற்று ஏறியதுபோல் ஆகிவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பற்கள் பொருந்துவதைச் சோதிக்க, இடையில் மெல்லிய டிஷ்யூ தாளைக் கொடுத்துச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். தாள் கிழியாமல் பல் தடம் மட்டும் விழ வேண்டும். 962சி-யில் கிரௌன் நகராதிருக்க ஆக்சிலில் வாஷர் போட வேண்டியிருக்கும், இல்லையெனில் ஒரு பக்க வளைவில் மட்டும் பல் அரைபடும் ஓசை வரும்.

வாங்கும்போது கூடவே சாவியையும் வாங்குங்கள். என்எஸ்ஆர் கிரப் திருகுக்கு 0.050 அங்குல அறுகோணச் சாவி, ஸ்லாட்.இட்டுக்கு அதைவிடச் சிறியது. தவறான சாவியைத் திணித்தால் திருகின் குழி வட்டமாகிவிடும், அதன் பிறகு பற்சக்கரத்தை ஆக்சிலிலிருந்து வெட்டித்தான் எடுக்க வேண்டும்.